கடைசி நாலு எண்

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் ரிஜிஸ்டர் அண்ணன். குழாய்க் கம்பெனி கேட்டில் பகல் காவல் அவர், அடுத்த ஷிப்ட் நான். கேட்டைத் தாண்டி எது போனாலும் நோட்டில் ஏற்றிவிடுவார். ஒருமுறை பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போனதற்கும் நேரம் போட்டு எழுதியிருந்தார். நான் சிரித்தேன். "போச்சா இல்லையா? போனா எழுதணும்" என்றார். வண்டி என்றால் கடைசி நாலு எண் போதும்; கேட்டில் அதுதான் வழக்கம்.

அப்படிப்பட்ட மனுஷனின் நோட்டில் பதினோரு மாதமாக இரண்டே வண்டிகள். மேனேஜரின் கார், தண்ணீர் கேன் வண்டி. குழாய் ஏற்றிய லாரி ஒன்றுகூட இல்லை. உள்ளே இயந்திரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

வெளியே என்னவோ எங்கள் கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. வெளிநாட்டு ஆர்டர், புது ஆலை என்று பேப்பரில் செய்தி. யார் போனைத் திறந்தாலும் 'இப்போதே வாங்குங்கள்'. ஒரு டீ விலைகூடப் பெறாத ஷேர் மூன்றே மாதத்தில் நாலு மடங்கானது. அண்ணனின் தங்கை வீட்டுக்காரர் சொந்தமாக லோடு வேன் ஓட்டுபவர். அந்த வேன் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். அதை விற்று ஷேர் வாங்கப் போவதாக வந்து நின்றார்.

"வேணாம் மாப்பிள்ளை. ஒரு லோடுகூட வெளிய போகல" என்றார் அண்ணன்.

"நீங்க கேட்ல உக்காந்திருக்கீங்க மச்சான். உள்ள நடக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டில் இருப்பவனுக்குத் தெரியாமல் குழாய் என்ன பறந்தா போகும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஷேர் வாங்க நினைப்பவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டப் போகிறார்கள், நேரில் பார்த்தே முடிவெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போய்விட்டார்.

அந்த வாரமே மேனேஜர் ஒரு புது நோட்டும் நாலு பேனாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "பார்க்க வர்றவங்களுக்குக் காட்டணும், பதினோரு மாசத்துக்கு லாரி எழுதுங்க. பேனாவை மாத்தி மாத்தி எழுதுங்க. முடியாதுன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது, எங்கே கிளம்புவது? எழுதினோம். நான் வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, போகப்போக அதில் ஒரு குஷிகூட வந்துவிட்டது. அண்ணனுக்குக் கை ஓடவில்லை. பிறகு ஏதோ தோன்றியதுபோல் எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு வரியில் மாப்பிள்ளையின் வேன் எண்.

"என்னண்ணே இது?"

"சுத்திக் காட்டுற அன்னிக்கு மேனேஜர் பக்கத்துலயே நிப்பாரு. வாயால சொல்ல முடியாது. தன் வண்டி இங்க வந்ததே இல்லன்னு மாப்பிள்ளைக்குத் தெரியும்ல. பாத்தா புரிஞ்சுக்குவாரு."

அந்த நாளும் வந்தது; என்னையும் பகலிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். தார்ப்பாய்களை உருவிப் போட்டு, கூலிக்கு ஆள் பிடித்து நீலச் சட்டை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். இயந்திரங்கள் வெறுமனே சுற்றின. மாப்பிள்ளை நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். அண்ணன் நோட்டைத் திருப்பி வைத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்தார். பின்னால் மேனேஜர்.

குனிந்து பார்த்த மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "என் வண்டியோட அதே நாலு நம்பர் மச்சான். பக்கத்துக்குப் பக்கம் வருது. ராசியான நம்பர்னு வண்டி வாங்கின அன்னிக்கே சொன்னாங்க."

பழக்க தோஷத்தில் கடைசி நாலு எண்ணை மட்டுமே எழுதியிருந்தார் அண்ணன். முன்னால் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்து எழுதியிருந்தால் உறைத்திருக்கும். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன்.

அன்று வேலை முடிந்ததும் அண்ணன் தங்கை வீட்டுக்கே போய், எல்லாம் நாங்கள் எழுதிய பொய் என்று போட்டு உடைத்திருக்கிறார். மாப்பிள்ளை கேட்டாராம்: "பூனைக்குக்கூட நேரம் போட்டு எழுதுற ஆளு நீங்க. இப்ப நான் உங்க நோட்டை நம்பறதா, உங்களை நம்பறதா?"

வேனை விற்ற மூன்றாவது வாரம் ஷேர் சரிந்தது. தினமும் சந்தை திறந்தவுடன் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று சந்தை வைத்த வரம்புவரை இறங்கி நின்றுவிடும். விற்க வரிசை நின்றது, வாங்கத்தான் ஆளில்லை. மேனேஜரின் கார் ஒருநாள் வெளியே போனது. திரும்பி வரும் நேரத்துக்காக அண்ணன் விட்டுவைத்த கட்டம் காலியாகவே கிடந்தது. தங்கை கேட்டுக்கு வந்தாள்.

"எழுதினது நீதானா அண்ணா?"

"ஆமாம்மா."

அவள் திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

சில நாள் கழித்து, கழற்றிய இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு ஏற்றிப்போக ஒரு வேன் வந்தது. ஓட்டியவர் யாரோ. கதவில் தங்கை மகளின் பெயர் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டார். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து, எண் என்று ஒன்று விடாமல் முழு நம்பரையும் எழுதினார். நேரமும் போட்டார்.