தகப்பன் பேரில் ஒரு சொனாட்டா

ஜொய்சி என்ற பெயரை இமெல்டா முதன்முதல் கேட்டது, தம்பியின் மகளை ஞானஸ்நானத்துக்கு ஏந்தி நின்றபோது. அந்தப் பிள்ளை வளர்ந்து மொன்றியலில் புல்லாங்குழல் படித்தாள். முந்நூறு வருடத்துக்கு முந்திய இசைமேதை ஒருவரின் ஆக்கங்களுக்கு மட்டும் ஒரு போட்டி வந்தது. வென்றால் ஜெர்மனியில் மேற்படிப்பு. ஜொய்சி போட்டிக்கென்று ஆறு மாதம் பழகிய சொனாட்டா என்ற இசைக்கோவையோ, அவருடையதல்ல, அவரின் மகன் எழுதியதாயிருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர் சொன்னார்கள்.

“விண்ணப்பத்தில தகப்பன்ர பேரையே போடடி. கனடாவில நாங்கள் எல்லாரும் தகப்பன் பேரைக் குடும்பப் பேராப் போட்டுத்தானே திரியிறம்?” என்றாள் இமெல்டா.

“வாசிக்க வாசிக்க மகன்ர கைதான் தெரியுது மாமி. பெடியன்ர உழைப்பை அப்பருக்குக் குடுக்கேலாது.”

மகனின் பெயரை எழுதினாள். அவளைப் போட்டியில் சேர்க்கவில்லை. இமெல்டா இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை.

ஜொய்சி இப்போது மொன்றியலிலேயே, வில்லரேப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் புல்லாங்குழல் படிப்பிக்கிறாள்.