அப்பா பாஸான நாள்

எங்கள் வீட்டில் பரீட்சைக்கு விழுந்து விழுந்து தயாரானது நானில்லை, அப்பா. பரீட்சை என்றால், அரியலூர் டவுனில் எடுக்கும் சர்க்கரை டெஸ்ட். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை. மற்ற நாளெல்லாம் கேன்டீன் பரோட்டாவும் சீனி தூக்கலான டீயும்தான். அம்மா கிண்டி வைக்கும் கேழ்வரகுக் களியை, "மாட்டுக்கு வையி" என்பார். டெஸ்ட் நெருங்கும்போது மட்டும் ஞானம் பிறந்துவிடும். பாகற்காய்ச் சாறென்ன, வெறும் மோரென்ன, விடியற்காலை நடையென்ன! அந்த மனுஷன் ஏமாற்றியது யாரை என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், லீவு நாளாகப் பார்த்து என்னையும் கூட்டிப்போனார்கள். வெறும் வயிற்றில் அப்பா ஒரு தடவை ரத்தம் கொடுத்தார். வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வரச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் அப்பாவின் 'வழக்கம்' இரண்டே இட்லி. சட்னியைக்கூடத் தொடவில்லை. காத்திருந்து இன்னொரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போனோம்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பரவாயில்லையே, நல்லா கண்ட்ரோல்ல வச்சிருக்கீங்க."

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அப்போதுதான் அம்மா, "சார், கால்ல ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

அப்பா முந்திக்கொண்டார். "அவளுக்கு முட்டி வலி சார். ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருக்கா."

அப்பாவின் உள்ளங்காலில் ஆலை ஷூ கடித்த புண் ஆறாமல் இருந்திருக்கிறது. காட்டினால் இன்சுலின் ஊசி போடச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அம்மா தினமும் அதைக் கழுவித் துணி கட்டிவிட்டதெல்லாம் எனக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லி அவளை வளர்த்திருந்தார்கள். நாசமாய்ப் போன வளர்ப்பு! அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் அவள் முட்டிக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மறுபடியும் அதே ஓட்டல். சர்வர் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "என்னண்ணே, ரத்தம் குடுத்தாச்சா? இலை போட்டுடலாமா?" ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் போலிருக்கிறது.

"பாஸாயிட்டம்ல!" என்றார் அப்பா. சோற்றை மலையாகக் குவித்துக் குழம்பு ஊற்றிக்கொண்டார். பாயசம் கேட்டுக் கேட்டு வாங்கினார். அம்மா தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, சாப்பிடாத இலையை மூடினாள். அவளுக்கு வைத்த பாயசத்தையும் நானே குடித்தேன். அப்பாவைப் போல நல்லவர் உலகத்தில் இல்லை, அம்மாதான் எதற்கெடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்பது அன்றைய என் தீர்ப்பு.

அடுத்த டெஸ்டுக்கு முன்பே அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த சொந்தமெல்லாம் அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டது. "ஆக்கிப் போடுறவ நீ. நீதான பாத்துக்கணும்?" என்று கேட்டாள் அத்தை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதெல்லாம் பிறகு. பாஸான அன்று சாயந்திரம், களிம்பை நான்தான் போட்டுவிடுவேன் என்று அடம்பிடித்தேன். உள்ளே அப்பா உண்ட மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையை முட்டிக்கு மேலே ஏற்றிவிட்டுக் காலை நீட்டினாள். நான் தேய்க்கத் தேய்க்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ஆமா பாப்பா."

அங்கேதான் வலிக்கிறது என்று நம்பி, இன்னும் கொஞ்சம் களிம்பை எடுத்து அழுத்தித் தேய்த்தேன்.