மூச்சை அடக்கிய தனசேகரன்

எனக்கு அதிசுத்தக்காரர்களைக் கண்டால் ஆகாது. தினமும் குளிக்கிறவர்களைச் சொல்லவில்லை, அதை நானும்தான் செய்கிறேன். லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துகிற, காப்பிக்கடையில் பையிலிருந்து சொந்தக் கரண்டியை எடுக்கிற, பக்கத்தில் ஒருவர் தும்மினால் நாற்காலியை நகர்த்திப் போடுகிற ஆட்களைச் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டுத் தனசேகரன் அந்த ரகம்.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் எங்கள் அடுக்குமாடி புளோக். ஒரே காரிடாரில் அவனும் அவன் அம்மா பாப்பம்மாளும் ஒரு வீடு, நான் அடுத்த வீடு. அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தஞ்சோங் பகாரில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. தேக்கா மார்க்கெட்டில் மீன் விற்கிற பக்கம் இதுவரை கால் வைத்ததில்லை. பாப்பம்மாள் அக்காவுக்கு மீன் ஆசை வந்தால் நான்தான் வாங்கி, கழுவி, டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். அந்த டப்பாவையும் இரண்டு விரலால்தான் வாங்குவான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிளட் பிரஷர் ஏறித்தான் அவன் யோகாவுக்குப் போனான். அதற்கு முன்னால் காரிடாரில் யாராவது ஈரச் செருப்பை விட்டால் போதும், கத்து கத்தென்று கத்துவான். புறாவுக்குச் சோறு போட்ட கிழவரைக் கீழே போய்த் திட்டிவிட்டு வருவான். டாக்டர் பயமுறுத்தியதும் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற வகுப்பில் சேர்ந்தான். வருஷக்கணக்கில் ஒரு நாள் விடவில்லை. நான் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தால், அவன் வீட்டுக் கம்பிக் கதவு வழியாகத் தெரிவான். பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சு போவதும் வருவதும் தெரியாமல் விட்டுக்கொண்டிருப்பான்.

பொய் சொல்லக் கூடாது, ஆள் மாறித்தான் போனான். கத்தல் நின்றது. மாத்திரையும் பாதியாகக் குறைந்தது.

"மனசுல வர்றத வர விடணும், போறதப் போக விடணும் நிசாக்கா. நாம பாத்துக்கிட்டு மட்டும் இருக்கணும்" என்பான்.

"சரிப்பா, முதல்ல மீன் டப்பாவப் பிடி" என்பேன்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி மட்டும் கத்தி மாதிரி. ஓர் இந்தோனேசியப் பெண் வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொண்டாள். போன வருஷம் அவள் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனாள். அடுத்து வர வேண்டியவள் இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனாள். வேறு வழியில்லாமல் தனா லீவு போட்டான். என்னால் ஊட்டிவிட முடியும், தூக்கித் திருப்ப முடியாது. எனக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் செய்தவை.

முதல் நாளே அவன் கூத்தைப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே கோடாலித் தைலம். அதற்கு மேல் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். முழங்கை வரை கையுறை. சமையலறையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு அம்மா அறைக்குள் ஓடினான். டயப்பரை உருவி, துடைத்தும் துடைக்காமலும் புதிதை மாட்டிவிட்டு, முகம் சிவக்க காரிடாருக்கு ஓடி வந்து புஸ்ஸென்று விட்டான்.

"கும்பகம்" என்றான் என்னிடம், பெருமையாக. மூச்சை உள்ளே நிறுத்தி வைப்பதற்கு அவர்கள் வகுப்பில் அதுதான் பெயராம். "ஒரே கும்பகத்துல முடிச்சிட்டேன் நிசாக்கா. மனசு கொஞ்சங்கூட அலையல."

எனக்குக் குமட்டியது. டயப்பரால் இல்லை. பெற்றவள் பக்கத்தில் போக மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறவனை, அதையும் யோகக் கணக்கில் சேர்க்கிறவனைப் பார்த்து, சீ என்றிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அதற்கப்புறம் தினமும் அதே ஓட்டம்தான். கண்ணை இறுக்கி, தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவி வேலை செய்வான். நாள் போகப் போக வேகம் கூடியது. காலையில் மட்டும் பாயில் சாந்த சொரூபியாக உட்கார்ந்திருப்பான். அந்த முகத்தில் தண்ணீரை ஊற்றலாமா என்று எனக்குக் கை துறுதுறுக்கும்.

சாயங்காலம் கீழே காப்பிக்கடையில் அக்காவுக்கு கோப்பி வாங்கி வருவேன். உறிஞ்சு குழாய் போட்டுக் கொடுத்தால் அடி வரைக்கும் இழுத்துவிட்டு, "இன்னிக்கு சீனி கம்மி" என்று குறையும் சொல்வார். ஒரு நாள், "வேணாம் நிசா. நீயே குடிச்சிரு" என்றார். அடுத்த நாளும் அப்படியே. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தண்ணீரில் உதட்டை நனைத்துக்கொண்டு போதும் என்று தலையாட்டினார்.

"என்னக்கா பண்ணுது?"

"வயிறு சரியில்ல."

தனாவிடம் சொன்னேன். "வயசானா பசி குறையும் நிசாக்கா. உடம்பு சொல்றத நாம கேக்கணும்" என்றான், அந்த வகுப்புக் குரலில். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

ஒரு மத்தியானம் போய்த் தொட்டால் அக்கா உடம்பு கொதித்தது. என்னை யார் என்று தெரியவில்லை. என்னென்னவோ பேசினார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரில் கிருமி, தொடை இடுக்கில் தோல் வெந்துபோயிருக்கிறது, சரியாகத் துடைத்து விடவில்லை. தனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனைக் காப்பாற்றிப் பேசவில்லை.

இரண்டு நாளில் அக்காவுக்கு நினைவு தெளிந்தது. பிலிப்பினோ நர்ஸ் ஒருத்தி வந்தாள். ஏதோ பாட்டை முனகிக்கொண்டே திரையை இழுத்தாள், எங்களையும் போகச் சொல்லவில்லை. "ஓக்கே ஆன்ட்டி, டர்ன், வெரி குட்" என்று அக்காவைத் திருப்பி, நிதானமாகத் துடைத்து மாற்றினாள். கை கழுவிவிட்டு ஒரு கப் தண்ணீர் கொடுத்தாள். அக்கா முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு கப் கேட்டார்.

தனாவுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுல ஏம்மா குடிக்கல?"

அக்கா கப்பைக் கீழே வைக்கவில்லை. "குடிச்சா போவணும். போனா நீ வரணும்."

"வந்தேனேம்மா."

"வந்தே. அந்த மொகத்தோட வந்தே. அத ஒரு நாளைக்கு எத்தன தடவடா பாக்குறது?" மூச்சு வாங்கியது அவருக்கு. "நாத்தம் தாங்காம நீ என்னக் கொண்டுபோய் முதியோர் ஹோம்ல விட்டுருவியோன்னு நெனச்சேன். கொஞ்சமாப் போனா கொஞ்ச நாள் வச்சிருப்பியேன்னுதான் குடிக்கல."

தனா வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரிச் சுவரைத் தொடவே மாட்டான்.

"இத்தன வருஷமா என்ன நிசாக்கா பண்ணேன்? எல்லாத்தையும் பாரு, ஓடாதேன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் பிடிச்சத மட்டும் பாத்துக்கிட்டு, மத்ததுக்கு மூச்சப் பிடிச்சுக்கிட்டேன்."

ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அவங்க தண்ணியில்லாமக் கெடந்தாங்க. நீ கும்பகம் பண்ணிக்கிட்டிருந்தே" என்றேன். சொன்னதற்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று, நர்சிங் ஹோம் பார்க்கட்டுமா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டார்கள். "வீட்டுக்குத்தான்" என்றான் தனா. வீட்டுக்கு வந்து, பக்கத்தில் வைத்த தண்ணீரை அக்கா தொடவே இல்லை. என்ன நடக்கும் என்று அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன்.

சாயங்காலம் அது நடந்தது. கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாடை எழுந்தது, மருந்து சேர்ந்த கெட்ட வாடை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தனா கையுறை மட்டும் போட்டுக்கொண்டு வந்தான். மாஸ்க் இல்லை, தைலம் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கால் மூச்சை இழுத்தான். உடனே ஓங்கரித்தது. ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். கண்ணில் நீர் கொட்டியது. மறுபடி இழுத்தான், மெதுவாக விட்டான்.

"அம்மா, கொமட்டுதும்மா."

அக்கா கண்ணைத் திறந்தார். "எனக்கும்தாண்டா கொமட்டுது. எனக்கென்ன மூக்கு இல்லையா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வாடை இன்னும் கொஞ்சம் உள்ளே போய் மறுபடி ஓங்கரித்தான். அக்காவும் கோணிய வாயோடு சிரித்தார். "சீ, ரெண்டு பேருக்கும் வெவஸ்தையே இல்ல" என்று நான் திட்டினேன்.

நேரம் எடுத்துச் செய்தான். வெந்நீரில் துணியை நனைத்து, பார்த்துப் பார்த்துத் துடைத்து, ஈரம் ஒற்றி, புண்ணில் களிம்பு தடவினான். நடுவில் குமட்டல் ஏறியபோதெல்லாம் கையை நிறுத்தி, அது இறங்கும் வரை மூச்சு விட்டுவிட்டு, மறுபடி ஆரம்பித்தான். காலையில் பாயில் உட்கார்ந்து செய்வதைத்தான் செய்தான், கண்ணைத் திறந்துகொண்டு.

கை கழுவி வந்து தண்ணீர்க் கப்பை நீட்டினான். அக்கா கப்பைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தார். அதில் அருவருப்பு போய்விடவில்லை, மூக்கோரம் இன்னும் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"இதக் குடிச்சா ராத்திரி கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடும்மா."

"தூங்கிட்டா?"

"சத்தமாக் கூப்பிடு."

அக்கா குழாயை வாயில் வைத்து, கப் காலியாகிச் சத்தம் வரும் வரை இழுத்தார்.