நிலைப்படிக்கு உள்ளே நாய்க்குட்டி

நாயை வீட்டுக்குள்ளே படுக்க வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. நாய் என்றால் வாசலோடு சரி. அப்படியிருந்தும் ஐம்பதுகளில், கெலமங்கலத்தைத் தாண்டிக் காட்டோரம் இருந்த எங்கள் வீட்டில், ஒரு நாய்க்குட்டி நடுவீட்டில் சாக்கு விரித்துத் தூங்கியது. செல்லம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் சிறுத்தை செய்த வேலை.

ஆட்டைப் பட்டியில் அடைத்து முள் வைத்துவிடலாம். மாட்டைக் கொட்டகையில் கட்டிப் படலைச் சாத்திவிடலாம். நாயை என்ன செய்வது? சிறுத்தைக்கு நாய்க்கறி என்றால் உயிர். ராத்திரி எங்கே குரைக்கிறதோ அங்கே நேராக வந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்த பெரிய நாயை ஒரு மழை நாளில் விடிந்து பார்த்தால் காணோம். கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது, சேற்றில் இழுத்துப்போன தடம் கேழ்வரகுக் கொல்லை வரைக்கும் இருந்தது. எங்க வீட்டுக்காரர் அந்தத் தடத்தின் மேலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அப்புறம் ஆனேக்கல் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். செவலைக் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. அங்கே மாட்டுக் கொட்டகையில் பிறந்தது. தாய்ப்பாலை இன்னும் சரியாக மறக்கக்கூட இல்லை.

"பெருசாயி நல்லா ஒடம்பு புடிக்கிற வரைக்கும் உள்ள படுக்கட்டும்மா" என்றார் அவர், தன் அம்மாவிடம்.

என் மாமியார் குட்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "படுக்கட்டும். ஆனா என் வூட்ட அசிங்கம் பண்ணிக்கிட்டே இருந்துச்சின்னா, தூக்கி வெளிய போட்டுடுவேன். அப்பறம் என்ன கேக்கக் கூடாது."

வெளியே என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வெளியே போட்ட குட்டி விடியும்போது இருக்காது.

மாமியார் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் மெழுகிய தரையில் சோற்றைக் கொட்டித் தின்னலாம் என்று ஊரில் சொல்வார்கள். செம்மண்ணும் சாணியும் எந்த அளவு, எந்தப் பக்கம் கையை வீசவேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நான் மெழுகினால் பின்னாலேயே வந்து மறுபடி மெழுகுவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். நானும் வாய்க்காரிதான். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவளுக்கு வாய் நீளம் என்று அவர் சொல்வார், கெலமங்கலத்துக்காரிக்குக் கை நீளம் என்று நான் முணுமுணுப்பேன்.

குட்டியைக் கொண்டுவந்தது எங்க வீட்டுக்காரர், பாடு எனக்கு. முதலில் பசும்பால் கொடுத்தேன். ஐயோ, வயிற்றால் போய்க் குட்டி துவண்டுவிட்டது. களியைப் பிசைந்து உருட்டிக் கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். கடைசியில் கேழ்வரகுக் கூழை மோரில் நீர்க்கக் கரைத்து, விரலைத் தோய்த்து நக்க வைத்தேன். அது ஒத்துக்கொண்டது. குடித்து முடித்தால் வயிறு கிண்ணென்று ஆகிவிடும். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் தரையில் வைத்து வட்டம் போட ஆரம்பிக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தவுடன் வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவேண்டும். அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே. இருட்டிவிட்டால் யார் வெளியே போவது? அதனால் மலைக்குப் பின்னால் பொழுது இறங்குவதற்கு முன்பே கடைசிக் கூழை ஊட்டிவிடுவேன்.

வெளியே விட்டால் சும்மா நிற்கும். புல்லைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், வாலை ஆட்டும். உள்ளே கொண்டுவந்து விட்டவுடன் நேராகத் தானியக் குதிருக்குப் பக்கத்து மூலைக்குப் போய் உட்கார்ந்துவிடும். தினமும் அதே மூலை. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். முதுகில் போடச் சொன்னார்கள், போட்டேன். அடி வாங்கிவிட்டு என் மடியிலேயே வந்து படுத்துக்கொண்டது. அன்றைக்கு அடித்த கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

போதாக்குறைக்கு எங்க வீட்டுக்காரர், ஒரு ராத்திரி சாப்பிட்டு எழுந்திருக்கும்போது யாருக்கும் தெரியாமல் பால்சோற்றை ஊட்டிவிட்டார். காலையில் அந்த மூலை இருந்த லட்சணத்தைச் சொல்ல முடியாது. "பாசத்த நீங்க காட்டுங்க, சாவ அது சாகட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் கூரையில் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்துவிட்டது.

அந்த மூலையை என்னைத் தொடவிடமாட்டார் மாமியார். அவரே சாம்பலைப் போட்டு அள்ளி, புதுச் சாணி கரைத்து அந்த இடத்தை மட்டும் வழவழவென்று மெழுகுவார். "அசிங்கம் பட்ட எடம் சாணி பட்டாத்தான் சுத்தம்" என்பார். மறுநாள் குட்டி, மெழுகிய அதே இடத்தில் போய் உட்காரும். அவர் மறுபடி மெழுகுவார்.

அந்த வாரம் ஓடைக்கரையில் சிறுத்தையின் கால்தடத்தைப் பார்த்ததாகப் பேச்சு வந்தது. பக்கத்துக் கொல்லையில் ஒரு வெள்ளாட்டையும் தூக்கிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் மாமியார் சொன்னார்: "வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கறேன். வூடு முழுக்க மெழுகிட்டு வெளக்கேத்துற நாளு. அன்னிக்கும் உள்ள பேண்டுச்சின்னா, அன்னிக்கே வெளிய." சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தேன். குட்டி பின்னாலேயே வந்தது. புல்தரையைத் தாண்டியது, வைக்கோலைத் தாண்டியது, கல்லைத் தாண்டியது. சாணி கிடந்த இடத்துக்கு வந்தவுடன் மூக்கை வைத்து வட்டம் போட்டு, சௌகரியமாக உட்கார்ந்தது. கூடையைக் கீழே போட்டுவிட்டேன். அடிப்பாவி! கொட்டகையில் பிறந்த குட்டி. சாணி வாசனை இருக்கிற இடம்தான் வெளிக்குப் போகிற இடம் என்று அதற்குத் தாய் பழக்கியிருக்கிறாள். நாங்கள் என்னடாவென்றால் தினமும் அந்த மூலையில் புதுச் சாணி போட்டு, வா ராசா, இங்கேதான் என்று இடம் காட்டிக்கொண்டிருக்கிறோம்!

சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு செத்துப்போனது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. மாமியார் வீடு முழுக்க மெழுகப்போகிறார். அப்புறம் குட்டிக்கு வீடே கொட்டகைதான்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? எந்த மருமகளாவது மாமியாரிடம் போய் வெள்ளிக்கிழமை வீடு மெழுகாதீர்கள் என்பாளா? எங்க வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று நானே போய் நின்றேன்.

"அத்தை, தப்பு குட்டி மேல இல்ல. நீங்க மெழுகறதுலதான் இருக்குது."

எனக்குப் பக்குவமாகப் பேச வராது. கொட்டகையில் பார்த்ததைச் சொல்லி, நாளைக்கு மட்டும் உள்ளே சாணி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது.

"சாணி தப்புங்கறியா? மகாலட்சுமி இருக்கற எடத்துல நாய்க்காகத் தரைய பாழா போடச் சொல்றியா?" அதற்குமேல் தன் தாய்மொழியான தெலுங்குக்குப் போய்விட்டார். ஆத்திரம் மிஞ்சினால் அவருக்குத் தமிழ் நிற்காது. நானும் விடவில்லை. "செத்துப்போனா அந்தப் பாவம் எந்தச் சாணி போட்டாலும் போவாது" என்றேன். அதன்பிறகு அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றையும் தொடவில்லை.

வெள்ளி காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து கொட்டகைக்குப் போய், கூடை நிறையச் சாணியோடு வந்தார். குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பின்கதவைத் திறந்து, விறகு அடுக்குக்கு அந்தப் பக்கம் வெறும் மண்ணில் அந்தச் சாணியைக் கொட்டி, ஒரு பாய் அளவுக்கு மெழுகினார். நடுவீட்டை மெழுகுகிற அதே கைவீச்சு. அப்புறம் உள்ளே வந்து அந்த மூலையைச் சாம்பலும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவினார். மற்ற இடத்தை வெறுமனே பெருக்கிவிட்டுத் துடைப்பத்தை வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

மத்தியானம் பக்கத்துக் கொல்லைக்காரம்மா மோர் வாங்க வந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "என்னாக்கா இது, வெள்ளிக்கெழமையும் அதுவுமா தர இப்படிக் கெடக்குது? ஒடம்பு சொகமில்லன்னா மருமக என்னாத்துக்கு இருக்கறா?"

பழி என் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"அவள எதுக்கு இழுக்கற? நாந்தான் மெழுகல" என்றார் மாமியார். "நாய்க்குட்டி பழக்கறோம்."

"நாய்க்கா!" என்று வந்தவர் சிரித்த சிரிப்பு சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போயிருக்கும். மாமியார் வாயை இறுக்கிக்கொண்டு மோரை ஊற்றினார்.

பொழுது இறங்குவதற்கு முன் கூழ் ஊட்டினேன். வெளியே கொண்டுபோனேன். பாழாய்ப்போன குட்டி ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தது. விளக்கேற்றினோம். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்தது. மூக்கைத் தரையில் வைத்தது. அந்த மூலைக்குப் போனது. முகர்ந்தது. சுற்றியது. அப்புறம் அங்கிருந்து நகர்ந்து பின்கதவுக்குப் போய், கதவின் அடியில் மூக்கை நுழைத்து முனகியது.

வெளியே மசமசவென்று இருட்டிவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள் மாமியார் எழுந்துவிட்டார். விறகு வெட்டுகிற கொடுவாளை ஒரு கையிலும் லாந்தரை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டார்.

"இருட்டிப் போச்சும்மா, வேணாம்" என்றார் எங்க வீட்டுக்காரர்.

"வெளிய போவணும்னு கேக்குதில்ல அது" என்று கதவைத் திறந்துவிட்டார்.

குட்டி குடுகுடுவென்று ஓடி மெழுகின இடத்தில் வட்டம் போட்டது. அவர் அதற்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நின்றுகொண்டார். கொடுவாளைக் கீழே இறக்கவில்லை. குட்டிக்கு அவசரமே இல்லை, இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்தது. எனக்குப் பயத்தில் கை கதவைத் தானாக இழுத்தது.

"கதவ சாத்தாதடி" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "இன்னும் நாங்க முடிக்கல."