மூன்றாம் பாட்டில் கேட்கும் அந்த அதிசய ஊதல்

என் அக்கா மகனும் அவன் கூட்டாளியும் ஒரு பொப்-ரொக் இசைத்தொகுப்பு வெளியிட்டிருக்கிறார்கள். முகநூல் விமர்சனங்களை வாசித்தால் வாவி மீன்களே எழும்பி நின்று கைதட்டுவதுபோல் இருக்கிறது.

'மூன்றாம் பாடலின் நடுவில் ஒலிக்கும் ஊதல், ஆபிரிக்க மண்ணின் அழுகை' என்று எழுதியிருக்கிறார் ஒரு பேரறிஞர்.

அதை நம்பி மருமகன் இன்று காலை வந்து நின்றான். "மாமா, நான் வேலைய உடப்போறன். இனி பாட்டுத்தான்."

அந்த நேரம் பார்த்து மீன்காரர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோன் அடித்தார். அதே ஆபிரிக்க அழுகை! ஒலிப்பதிவு நடந்தது எங்கள் முன்னறையில், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

அவரைக் கூப்பிட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மீனை மறந்து முழுதாகக் கேட்டார். ஈரேழு உலகத்திலும் அதை முழுதாகக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

"கோவிக்காதீங்க தம்பி. இது என்ட ஹோன்தான். அது மட்டுந்தான் தாளத்துல நிக்கிது, மத்ததெல்லாம் ஓடித் திரியிது."

மருமகன் மணிக்கூட்டைப் பார்த்தான், வேலைக்குக் கிளம்பினான்.

உங்கள் பாட்டு, படம், கவிதை எதற்காவது நேர்மையான விமர்சனம் வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள். நாளை மீன் வாங்கும்போது கேட்டுச் சொல்கிறேன்.