சட்டை கழற்றாத வருடங்கள்

கல்யாணமான மறுவருடமே எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சீக்கு, மீசை முறுக்கிய எனக்கு வந்ததில் ஊருக்கே சிரிப்பு. பரமக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அதற்கு வைத்தியம் ஒன்றுதான்: கழுத்தில் பொன்னைப் போட வேண்டும். என் மனைவி தன் சங்கிலியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். தாடை வீக்கம் வற்றியது. பொன் குணமாக்கிவிட்டது என்று வீடு நிம்மதியானது.

தாடை வற்றிய வாரமே விரை வீங்கியது. அதைப் போய் யாரிடம் சொல்வது? காய்ச்சல் என்று மட்டும் சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டேன். அங்கே எந்தப் பொன்னைப் போடுவது என்று எனக்குள் கேலி வேறு.

பிறகு ஒவ்வொன்றாகப் போயின. வாரம் தவறாமல் சவரம் செய்தவனுக்கு மாதம் ஒருமுறையே போதும் என்றாயிற்று. மண்வெட்டி பிடித்தால் ஒரு வரப்பு முடிவதற்குள் கை ஓய்ந்தது. மார்பு வயசுக்கு வந்த பெண்ணுக்குப் போலத் திரண்டது. கல்யாணத்துக்குப் போகிறவன் மட்டும் சட்டை போடுகிற ஊரில், நான் வயலிலும் சட்டையோடு நின்றேன். "தொரை வாராருப்பா" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆசை என்ற ஒன்றே வற்றிவிட்டது. படுத்ததும் தூங்குவதாக நடித்தேன். மனைவி ஒருநாளும் எழுப்பவில்லை. ஆண்மைச் சுரப்பு என்று ஒன்று உண்டு, அந்த வீக்கம் அதைக் கெடுத்திருக்கும் என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னது ரொம்ப வருடம் கழித்து. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வெட்கம் மட்டும்தான்.

பிள்ளையில்லை என்று அம்மா எங்களை இராமேஸ்வரத்துக்கு இழுத்துப் போனாள். தீர்த்தமாடினால் கருத் தங்கும் என்பது அவள் நம்பிக்கை. கடலில் சட்டையோடு முங்கி எழுந்து எப்படியோ தப்பித்தேன். கோயிலுக்குள் முதல் தீர்த்தக் கிணற்றடியில், இறைத்து ஊற்ற வாளியோடு நின்றவர் விடவில்லை.

"சட்டையக் கழத்துங்கண்ணே. சட்டையோட ஊத்துனா பலிக்காது."

"குளிருது" என்றேன். அது சித்திரை மாதம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மாவின் கோபம் மனைவி மேல் பாய்ந்தது. "இவளுக்காகத்தானே இம்புட்டு தூரம் வந்துருக்கோம். கொறை ஒங்கிட்டதானடி இருக்கு? நீ போய் நில்லு அங்கன."

மனைவி போய் நின்றாள். தலையில் தண்ணீர் விழ விழச் சொன்னாள்: "எங்கிட்டதான் அத்தை. நாந்தான் அப்பவே ஒங்ககிட்ட சொல்லிட்டேனே. அவுகள ஒண்ணும் சொல்லாதீக."

எப்போது சொன்னாள்? எனக்குத் தெரியாது. என் சட்டைக்குள் இருப்பதை அவள் என்றைக்கோ பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பொத்தான்களைக் கழற்றினேன். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த சட்டை லேசில் வரவில்லை. வந்ததும் பின்னால் சிரிப்பு நின்றுபோனது. அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது. வாளிக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். அம்மா என் மார்பைப் பார்த்தாள். மழுமழுவென்றிருந்த தாடையைப் பார்த்தாள்.

முந்தானையை எடுத்து என்னை மூட வந்தவள் பாதியில் நின்றாள். திரும்பிப் போய், ஈரம் சொட்ட நின்ற மருமகளின் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.