வெயிலுக்குத் தார்ப்பாய்

மாவு அரைத்து முடித்ததும் அன்பரசி கைகூடக் கழுவ மாட்டார். மாவுக் கையோடு மாடிக்கு ஓடி, சோலார் பலகைகள் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, மூலைக்கு மூலை செங்கல் வைப்பார். பிறகு கீழே இறங்கி மீட்டர் முன் நிற்பார். அதில் சிவப்பு விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டினால்தான் அவருக்கு மூச்சு வரும்.

நெம்மேலியில் எங்கள் தெருவுக்கே இட்லி மாவு அவர் வீட்டிலிருந்துதான். மானியம் உண்டு, மிச்சக் கரண்டை மின்வாரியம் எடுத்துக்கொண்டு பில்லில் கழிக்கும் என்று சொன்னதை நம்பிப் பலகை மாட்டினார். பலகை வந்துவிட்டது, வெளியே போகும் கரண்டைத் தனியாகக் கணக்கிடும் புது மீட்டர் வரவில்லை. அது வராமல் மானியமும் கிடையாது. கிரைண்டர் நின்றதும் பலகைக் கரண்ட் வெளியே போகத் தொடங்கும்; பழைய மீட்டருக்கோ வருவதும் போவதும் ஒன்றுதான். இரண்டையும் செலவென்றே கூட்டி, போன முறை பில்லை இரட்டிப்பாக்கிவிட்டது.

“நம்ம மாடி வெயில எடுத்துகினு நம்ம கிட்டயே பில்லு கேக்குது. இன்னா நியாயம் இது?” என்றார். எனக்கும் எரிச்சல்தான் வந்தது.

பலகையின் சுவிட்சை அணைத்தால் போதுமே என்றேன்.

“உப்புக் காத்துல சுச்சு இறுகிப் போயி கீது அண்ணாத்த. மாட்டுன ஆளு போனே எடுக்க மாட்டேங்குறான். ஒரே பேஜாரு.”

கரண்ட் ஆபீசுக்கு மாவுப் பொட்டலத்தோடுதான் போவார். மாவை வாங்கிக்கொண்டு, “மீட்டர் ஸ்டாக் இல்லம்மா” என்று அனுப்பிவிடுவார்கள். பாவம், திரும்பி வரும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். மேகம் கூடியிருந்தால் அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிடுவார்.

“இன்னொரு வாட்டி அந்த மாரி பில்லு வந்துச்சுன்னா கிரைண்டர வித்துட வேண்டியதுதான்” என்கிறார். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவர் ஜெரோம் அதற்கு ஆள்கூடப் பார்த்துவிட்டார். கிரைண்டர் போனால் அன்பரசிக்குத் தொழிலே இல்லை.

நேற்று பிற்பகல் கடற்காற்று செங்கல்லைத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கி எங்கள் வீட்டு முருங்கையில் போட்டது. எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடியில் மேற்கு வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றிருந்தார் அன்பரசி. அவர் நிழல் பலகைகள் மேல் கிடந்தது.

“நெழலு விழுந்தா கரண்டு கம்மியாவுமாம். சீக்கிரம் கொண்டா அண்ணாத்த” என்றார், கையை இறக்காமல்.

சுருண்டு சிக்கியிருந்த தார்ப்பாயை நான் பிரிப்பதற்குள் வெயில் கொஞ்சம் நகர்ந்தது. அன்பரசி குனிந்து தன் நிழலைப் பார்த்துவிட்டு, அரையடி தள்ளி நின்றுகொண்டார்.